இடது பக்கத்து வால்வு

இலையுதிர்காலம் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. ரெக்கார்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே என் கணவன் வீபெ எழுந்து போய் முள்ளைத் தூக்கிவிட்டான். நான் மேஜையில் உட்கார்ந்து பட்டாணி சூப்புக்காகச் செலரிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தேன்.

"இடப்பக்கம் படுத்துடுச்சு," என்றான்.

"எது?"

"இடப்பக்க ஸ்பீக்கர். போர்வையைப் போட்டு மூடுன மாதிரி வருது. உனக்குத் தெரியலையா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்? உன்னோடது குளோரின்ல ஊறுகாய் போட்ட காது."

நான் டெவென்டர் நகர நீச்சல்குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். கூச்சலிலும் தண்ணீரிலும் என் வயசு கழிந்திருக்கிறது. வீபெக்கு நீர்வாரியத்தில் வேலை. ஆற்றோரத்துப் பம்ப் நிலையங்களைப் பார்த்துக்கொள்வான். மோட்டார் அறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றானென்றால் எந்த பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்று அவனோடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் காது என்றால் அது வீபெயின் காதுதான். அதனால் நான் வாதாடவில்லை. கிழங்கைச் சீவி முடித்தேன்.

அவனிடம் இருந்தது வால்வு வைத்த பழைய பிரீஆம்ப். ரெக்கார்டின் முள்ளிலிருந்து கிளம்புகிற சத்தம் கொசு பறக்கிற அளவுதான் இருக்குமாம். அதைத் தூக்கிப் பெரிய சத்தமாக்கிக் கொடுப்பது இந்தப் பெட்டியின் வேலை. உள்ளே விரல் பருமனில் கண்ணாடி வால்வுகள் நான்கு, இடப்பக்கத்துக்கு இரண்டு, வலப்பக்கத்துக்கு இரண்டு. தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு போட வேண்டும். எந்த வால்வைப் போடுவது என்பதில்தான் ரெக்கார்டுப் பித்துப் பிடித்த ஆட்களின் சண்டையும் சமாதானமும்.

அடுத்த வாரமே வீபெ பக்கத்து ஊரான ஸுட்ஃபெனுக்குப் போனான். அங்கே எக்பெர்ட் என்று ஒருவர் வால்வுக் கடை வைத்திருக்கிறார். முன்னால் அது இறைச்சிக் கடையாக இருந்த இடம். சுவரெல்லாம் வெள்ளை ஓடு, கூரையில் கொக்கிகள். தொத்திறைச்சி இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் இப்போது வால்வுகள் வரிசையாகப் படுத்திருக்கும். எக்பெர்ட் அகலமான மனிதர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பாதாம் கேக் என்றால் உயிரை விடுவார்.

அவர் பழைய நான்கையும் சோதனை மெஷினில் செருகிப் பார்த்துவிட்டு, "நாலும் நல்லாத்தானே இருக்கு, வீபெ?" என்றாராம்.

"உன் மெஷினுக்குக் காது கிடையாதுய்யா," என்று இவன் சொல்லிவிட்டுப் புதிதாகச் செய்த ஒரு ஜோடியை வாங்கி வந்தான்.

அதில் ஒன்று 'ஸ்ஸ்' என்று இரைந்தது. அது எனக்கே கேட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய சரக்கில் ஒரு ஜோடி வாங்கினான். நான் பிறப்பதற்கு முன்னால் செய்து, பிரிக்காமல் கிடந்த வால்வுகள். அவற்றைப் போட்ட அன்றைக்கு வீபெயின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்போ பார், இடப்பக்கம் எந்திரிச்சு உக்காந்துடுச்சு!" என்றான். நாலு நாள் போயிருக்கும், அது மறுபடி படுத்துக்கொண்டது. அப்புறம் இன்னொரு ஜோடி. அதற்கும் முதலில் உற்சாகம், பிறகு சோர்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, வால்வுகளின் காலில் இருக்கும் துருவைச் சுரண்டுவான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"இடத்தையும் வலத்தையும் மாத்திப் போட்டுப் பாத்தியா?" என்று எக்பெர்ட் போனில் கேட்டார். "நோய் வால்வோட வலப்பக்கம் போச்சுன்னா வால்வுதான் காரணம். போகலைன்னா வேற எங்கயோ இருக்கு."

மாற்றிப் போட்டான். நோய் போகவில்லை. இடப்பக்கத்திலேயே நின்றது. கேபிளை மாற்றினான், ஸ்பீக்கரையே இடம் மாற்றினான். எதை மாற்றினாலும் இடப்பக்கம்தான் மங்கல். கடைசியில் திரைச்சீலை சத்தத்தைக் குடிக்கிறது என்று சொல்லி இடப்பக்க ஜன்னலின் திரையைக் கழற்றிவிட்டான். தெருவில் போகிறவர்கள் எங்கள் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்பெர்ட் தானே ரயிலேறி வந்தார். கையில் ஒரு மீட்டர், ஒரு பெட்டி வால்வு, பாதாம் கேக். வீபெயின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ரெக்கார்டின் இரண்டு பக்கத்தையும் பேசாமல் கேட்டார். பிறகு மீட்டரை வைத்து இடமும் வலமும் அளந்தார். வீபெ அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன, கண்டுபிடிச்சியா?"

"இரு, காபி குடிச்சிட்டு வர்றேன்," என்று எக்பெர்ட் சமையலறைக்கு வந்துவிட்டார்.

வந்தவர் காபியைத் தொடவில்லை. கதவைச் சாத்தினார்.

"டீனெகெ, பெட்டியில ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசம் இல்லாம வருது."

"அப்போ?"

அவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து மனிதர்கள் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர்கள் என்று பேர். சாவு வீட்டில்கூடச் சவப்பெட்டி கோணல் என்று சொல்வார்கள். எக்பெர்ட்டுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

"அவனை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காரச் சொல்லுங்க," என்றார். "ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. சைக்கிளில் போகும்போது நான் அவனுக்கு இடப்பக்கம் வருவேன். அந்த வருஷம் முழுக்க, நான் எதைச் சொன்னாலும் "என்ன? காத்துல கேக்கல," என்றுதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். படகுத்துறையில் ஒரு தடவை நடந்தபடியே இடப்பக்கமாகச் சாய்ந்து கம்பியில் மோதினான். கல் தடுக்கியது என்றான். அங்கே கல் இல்லை.

"நீங்களே சொல்லுங்களேன், எக்பெர்ட்."

"என்னால முடியாதும்மா."

நான்தான் போனேன். அவன் ஒரு வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீபெ, அதைப் போட்டுட்டு ரெக்கார்டை வை. நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பி உக்காரு."

"புத்தக அலமாரியைப் பாத்துக்கிட்டா? எதுக்கு?"

"எனக்காக உக்காரேன்."

"இது யாரோட யோசனை? உள்ள ரெண்டு பேரும் கேக்கை வெட்டுனீங்களா, திட்டம் போட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

சர்ச் பாடகர் குழு ஒன்றின் ரெக்கார்டு அது. பாட்டு தொடங்கியது. அவன் அலமாரியைப் பார்த்தபடி தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டான். "ஓ," என்றான். "இப்போ அந்தப் பக்கம் நல்லா வருது. வலப்பக்க ஸ்பீக்கர்தான் இப்போ..."

நிறுத்திவிட்டான்.

அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. எக்பெர்ட் கதவருகே வந்து நின்றார். வீபெ வலது கையைத் தூக்கி வலது காதை மூடினான். பிறகு கையை எடுத்து இடது காதை மூடினான். அப்புறம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"நிறுத்துங்க," என்றான். நான் போய் முள்ளைத் தூக்கினேன்.

எக்பெர்ட் தான் கொண்டுவந்த வால்வுகளை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். வாசல்வரை நான் கொண்டுபோய் விட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ரயிலுக்கு நடந்தார்.

குடும்ப டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை, ஆனால் மூளைத்தண்டை நெருக்க ஆரம்பித்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும் என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். எடுக்கும்போது அந்தக் காதில் மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியும் போய்விடும் என்றும் சொன்னார்.

"கொஞ்சம்கூட மிஞ்சாதா?" என்று வீபெ கேட்டான்.

"மிஞ்சாது," என்றார் அவர். நேராகச் சொன்னதற்கு வீபெ அவருக்கு நன்றி சொன்னான். காரில் ஏறின பிறகு, "பாவம் எக்பெர்ட். நான் அந்த ஆளோட மெஷினைத் திட்டுனேன்," என்றான்.

ஜனவரி கடைசியில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. புத்தாண்டு கழிந்த முதல் சனிக்கிழமை, காலையிலேயே போனை எடுத்து, "யோவ் எக்பெர்ட், உன்கிட்ட இருக்கிற நல்ல வால்வு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வா. ஒளிச்சு வெச்சிருக்கிறதையும் சேத்து," என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. "இப்போ எதுக்கு இது? உன்னாலதான் இடப்பக்கத்தைக் கேக்க முடியாதே?"

"அதுக்குத்தான். போறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டியைச் சரியா வெச்சிட்டுப் போகணும்."

"யாருக்கு?"

"உனக்கு."

"நான் எப்போ கேட்டேன்?"

"இந்த வீட்ல ரெண்டு காது இருக்கிறவ நீதானே," என்றான். "ஊறுகாயா இருந்தாலும் ரெண்டு இருக்கில்ல."

அப்படித்தான் நான் அந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். அதுவரை அது அவன் இடம். துணி காய்ந்தால் மடித்து அதன் மேல் வைத்ததுண்டு, உட்கார்ந்ததில்லை.

எக்பெர்ட் ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் கொடுக்க, வீபெ செருகுவான். சூடேறும்வரை காத்திருப்போம். முதலில் ரெக்கார்டு இல்லாமல் வெறும் பெட்டியின் அமைதியைக் கேட்க வேண்டும். அதிலேயே பாதி வால்வுகள் தோற்றுப்போகும். ஒன்று மழை பெய்கிறது மாதிரி, ஒன்று பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிறது மாதிரி. பிறகு வீபெ பென்சிலின் பின்பக்கத்தால் கண்ணாடியை மெல்லத் தட்டுவான். சில வால்வுகளில் அந்தத் தட்டு ஸ்பீக்கரில் கிண்ணம் மாதிரி 'ணங்' என்று ஒலிக்கும். அவையும் வேண்டாம், கனமாக நடந்தாலே பாட்டில் கலந்துவிடும் என்று எக்பெர்ட் எடுத்து வைத்துவிட்டார். தப்பிய ஜோடிகளில்தான் பாட்டு.

எனக்கு அந்த ஆட்களின் வார்த்தைகள் தெரியாது. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். எக்பெர்ட் கடைசிவரை விற்காமல் வைத்திருந்த ஒரு ஜோடியை, குழந்தையைக் கொடுக்கிறவர் மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கேட்டுவிட்டு, "இதுல பாடுறவங்க எல்லாம் தெரு முனையில நிக்கிறாங்க," என்றேன்.

"தெரு முனையா?" எக்பெர்ட்டின் கழுத்து சிவந்தது. "இதுக்காக ஹாம்பர்க்ல இருந்து ஆள் வந்து கெஞ்சிட்டுப் போயிருக்கான்மா!"

"அவனுக்கே கொடுத்திடுங்க."

வீபெ தரையில் உட்கார்ந்திருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆஸ்பத்திரித் தேதி வந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் ஆகிவிட்டது. எக்பெர்ட் கொண்டுவந்த பெட்டியின் அடியில் எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒரு ஜோடி கிடந்தது. எந்தத் தொழிற்சாலை என்று எக்பெர்ட்டுக்கே நிச்சயமில்லை. அதைப் போட்டபோது முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பெட்டி இயங்குகிறதா என்று வீபெ குனிந்து பார்த்தான். அவ்வளவு அமைதி. முள்ளை வைத்தான். பாட்டு வந்தது. நான் கண்ணை மூடினேன்.

"என்ன?" என்றான் வீபெ.

"அந்த அடிக்குரல்ல பாடுற பொம்பளை ஒருத்தி இருக்கா பார். பாடுறதுக்கு முன்னாடி அவ மூச்சை இழுக்கிறா. அது கேக்குது."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்," என்றேன்.

அவன் தலையாட்டினான். அந்த ரெக்கார்டை அவன் எத்தனையோ முறை கேட்டவன். "ஆமா, அவ அங்கதான் நிப்பா," என்றான். "அப்போ இதுவே இருக்கட்டும்." மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கினான். திருகாணி துளையில் சரியாக உட்காரவில்லை. இரண்டு மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தான். எக்பெர்ட் உதவப் போகவில்லை, அது நல்லதுதான்.

ஆபரேஷன் நாள் முழுக்க நடந்தது. வெளியே வந்தபோது வீபெயின் முகத்தில் ஒரு பக்கம் தொங்கியிருந்தது, கண்ணை மூட முடியவில்லை. எழுந்து நின்றால் தரை கப்பல் மாதிரி ஆடுகிறது என்றான். நீச்சல் தெரியாத பிள்ளையைத் தண்ணீரில் பிடிக்கிற மாதிரி அக்குளில் கைகொடுத்துப் பிடித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கவைத்தேன். அது மட்டும் எனக்குத் தெரிந்த வேலை. முகம் மெதுவாகப் பழையபடி ஆயிற்று. நடையும் வந்தது, அகலமாகக் காலை வைத்து நடக்கிற நடை.

காது போனதைவிடத் திசை போனதுதான் அவனை உடைத்தது. வீட்டுக்குள் நான் கூப்பிட்டால் எங்கிருந்து கூப்பிடுகிறேன் என்று தெரியாது. ஒரு நாள் மாடியிலிருந்து கூப்பிட்டேன். அவன் கீழே நடைவழியில் நின்று வாசல் கதவைப் பார்த்தான், தோட்டத்தைப் பார்த்தான், சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். "எங்க இருக்க?" என்று கத்தினான். "எங்கதான் இருக்க, டீனெகெ?" நான் படியில் இறங்கி ஓடி வந்தேன். அதற்குப் பிறகு நான் தூரத்திலிருந்து கூப்பிடுவதில்லை, பக்கத்தில் போய்த்தான் பேசுவேன்.

பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டான். நான் நீச்சல்குளத்திலிருந்து சீக்கிரம் வந்த நாட்களில் தனியாகக் கேட்கலாம் என்று ஒரு தடவை துணியை எடுத்தேன். முடியவில்லை. திரும்பப் போட்டுவிட்டேன்.

கோடையில் அரைநாள் வேலைக்குப் போக ஆரம்பித்தான். அவன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் துணியை உதறி மடித்தான். எக்பெர்ட் வந்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து கொடுக்கிற ஒரு சுவிட்சைப் பொருத்திவிட்டுப் போனார். வீபெ நாற்காலியை ஜன்னலோரம் ஒருக்களித்துப் போட்டுக்கொண்டான். ரெக்கார்டின் ஒரு பக்கம் கேட்டான், எழுந்துவிட்டான். மறுநாள் இரண்டு பக்கம் கேட்டான். முன்னைப்போல எதையும் பேசுவதில்லை. முன்னெல்லாம் ஒரு பாட்டுக்குப் பத்துக் குறை சொல்வான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, நான் ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பொரியுது," என்றான் வீபெ.

"என்ன பொரியுது?"

"பாட்டுக்கு அடியில. லேசா, சடசடன்னு."

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. துணி என் கையிலேயே நின்றுவிட்டது. போன வருஷமும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு காதுதான்.

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ நினைக்கிறதை நானும்தான் நினைச்சேன்," என்றான். "மூணு நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

அவன் எழுந்து போய் எக்பெர்ட் வைத்த சுவிட்சைத் தட்டி இரண்டு பக்கத்தையும் பிரித்தான். ஒவ்வொரு ஸ்பீக்கராக மண்டியிட்டுக் காதை ஒட்டிவைத்துக் கேட்டான். பிறகு பெட்டியை அணைத்து, ஆறவிட்டு, மூடியைத் திறந்து, வால்வுகளை இடம் வலம் மாற்றிச் செருகினான். சூடேறட்டும் என்று இருவரும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். மறுபடி காதை வைத்தான். இந்த ஸ்பீக்கர், அந்த ஸ்பீக்கர், திரும்ப இந்த ஸ்பீக்கர்.

"மாறிடுச்சு," என்றான். "முதல்ல அங்க இருந்தது, இப்போ இங்க இருக்கு. வா, கேளு."

ஸ்பீக்கரின் துணியில் என் காதை அழுத்தினேன். முதலில் பாட்டு மட்டும். பிறகு பாட்டுக்கு வெகு அடியில், தாளின் மேல் சர்க்கரை சிந்துவது போல ஒரு சத்தம். இருந்தது. நிஜமாகவே இருந்தது.

"வால்வு," என்றேன்.

"வால்வுதான். நீ பொறுக்கி எடுத்த வால்வு," என்றான். "அழறியா? ஒரு வால்வு செத்ததுக்கா?"

"வாயை மூடு," என்று சொல்லிவிட்டு அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மறுவாரம் இருவரும் ரயிலில் ஸுட்ஃபெனுக்குப் போனோம். எக்பெர்ட் கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு ஓரமாக நின்றார். வீபெ ஒவ்வொன்றாக எடுத்தான். பென்சிலால் தட்டினான், வலது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்தான், வேண்டாம் என்று வைத்தான். "இது கரகரங்குது. இதுக்கு நெஞ்சு சளி. யோவ், இதை எந்த மனுஷனுக்கு விக்கலாம்னு வெச்சிருக்க?" எக்பெர்ட் பதிலுக்குப் பதில் ஏசிக்கொண்டே புதிதாக எடுத்துக் கொடுத்தார். இடையில் என் பக்கம் திரும்பி, "நீங்க கேட்டுப் பாக்கலையாம்மா?" என்றார்.

"வேண்டாம்," என்றேன்.

அவன் கடைசியில் பொறுக்கி எடுத்த வால்வு, கால் கொஞ்சம் வளைந்து, அட்டைப்பெட்டி இல்லாமல் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்து, அன்று மதியமே போட்டான். சர்ச் பாடகர்களின் ரெக்கார்டை எடுக்கவில்லை; ஏதோ பியானோ வைத்தான். நான் மேஜையில் மறுநாள் வகுப்புக்கான பிள்ளைகளின் பெயர்ப்பட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கம் முடியும்வரை அவன் ஆடவில்லை, அசையவில்லை.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல," என்றான். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் யாரும் எதையும் புகழ்வதில்லை. மறுபக்கத்தைப் போடுவதற்காக எழுந்தான்.